பிழையில்லாத தபால் கார்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு தபால் கார்டு இருக்கிறது. எனக்கு வந்ததல்ல. ஆவூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உழுது பிழைத்த ஒருவர் பெயருக்கு வந்தது. பல வருஷம் சவேரியார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததால் வெயில் படாமல், ஓரங்கள் மட்டும் பழுப்பேறி, எழுத்து நேற்று எழுதியதுபோலத் தெளிவாக இருக்கிறது. வலது பக்க மேல் மூலையில் பள்ளி முகவரி, அதற்குக் கீழே தேதி, இடது பக்கம் 'மை டியர் ஃபாதர்', பக்கத்தில் ஒரு கமா. ஒவ்வொரு வாக்கியமும் பெரிய எழுத்தில் தொடங்கிப் புள்ளியில் முடிகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான். கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்திய கை இது. அந்தக் கார்டில் சிவப்பு மை வைக்க ஓர் இடம்கூடக் கிடையாது. அதனாலேயே அதை எடுத்துப் பார்க்கும் நாளில் எனக்குச் சோறு இறங்காது.

சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம். கன்னியர்கள் நடத்திய ஒரு விடுதிப் பள்ளியில் நான் தேர்டு ஃபாரம் படித்தேன். இன்றைய கணக்குக்கு எட்டாம் வகுப்பு. பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் சங்கடம். பொன்னமராவதிப் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்த என் அப்பா, ஆங்கிலம் வந்தால்தான் பெண் தலை நிமிர்வாள் என்று என்னை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். நீண்ட கூடத்தில் முப்பத்திரண்டு பாய்கள், தலைமாட்டில் முப்பத்திரண்டு தகரப் பெட்டிகள். என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது. அவள் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. பக்கத்துப் பாய்க்காரி என்றே எழுதுகிறேன். விடுதியில் எங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

என்னைவிட ஒரு சாண் உயரம். கணக்கை மனசுக்குள்ளேயே போட்டு விடையை மட்டும் சொல்லுவாள். கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். ஆங்கிலம் மட்டும் அவளிடம் அண்டவே இல்லை. எழுவாய்க்குப் பின்னால் வினை வர வேண்டும் என்று அடித்துச் சொன்னால், "நாம பேசயில கடைசியிலதானே வருது, அது பாட்டுக்கு அங்கனயே இருந்துட்டுப் போகட்டுமே" என்பாள். ஒருநாள் கமாவுக்காக முழங்கால் போட்டு நின்றுவிட்டு வந்து, "வெள்ளக்காரன் போனானே, போகயில இந்தக் கமாவையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவள் மேல் ஓர் இளப்பம் இருந்தது. ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்குகிறவளுக்கு வருகிற இளப்பம். இப்போது நினைத்தால் அந்தப் பதின்மூன்று வயசுப் பெண்ணைக் கன்னத்தில் இரண்டு வைக்கலாம் போலிருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையும் காலைச் சாப்பாடும் முடிந்ததும், வீட்டுக்குக் கடிதம் எழுதும் நேரம். விடுதிப் பொறுப்பும் ஆங்கிலப் பாடமும் ஒரே சிஸ்டரிடம் இருந்தன. அவர் மங்களூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. வெளியே போகும் எந்தக் கடிதத்தையும் படித்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது மடத்துச் சட்டம். ஆகவே எல்லாரும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். சிஸ்டர் கரும்பலகையில் ஒரு மாதிரிக் கடிதத்தை முத்து முத்தாக எழுதிப் போடுவார். 'ஐ ஆம் குவைட் வெல் அண்ட் ஹேப்பி ஹியர். ஐ ஹோப் யூ ஆர் ஆல் வெல் அட் ஹோம். தி வெதர் இஸ் ஃபைன்.' நான் இங்கே நல்ல சுகமாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறேன், வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், வானிலை நன்றாக இருக்கிறது. கண்மாய் வெடித்துக் கிடந்த வருஷத்திலும் எங்கள் கார்டுகளில் வானிலை நன்றாகவே இருந்தது. அந்தக் கார்டுகள் போய்ச் சேர்ந்த வீடுகளில் பாதிக்கு மேல் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஊர்க்கோயிலில் செபம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியாரிடமோ தபால்காரரிடமோ கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

கார்டை முதலிலேயே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் ரஃப் நோட்டில் எழுத வேண்டும். மூன்று பிழைக்கு மேல் இருந்தால் அந்தத் தடவை கார்டு கிடையாது, அடுத்த இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு எந்தச் சேதியும் போகாது. முப்பத்திரண்டு நோட்டையும் பார்த்து முடிக்க சிஸ்டருக்கு மதியம் ஆகிவிடும் என்பதால், அந்த வருஷம் என்னை லெட்டர் மானிட்டராக நியமித்தார். நீல ரிப்பனில் கோத்த ஒரு பித்தளை வில்லை, ஒரு சிவப்புப் பென்சில். நான் முதலில் திருத்தி, பிள்ளையைத் திரும்ப எழுத வைத்து, பிழையில்லாத பக்கத்தை மட்டும் சிஸ்டரிடம் கொண்டுபோக வேண்டும். நான் மானிட்டரான பிறகு ஒரு பிள்ளைக்குக்கூடக் கார்டு நிற்கவில்லை. சிஸ்டர் தலைமைச் சிஸ்டரிடம் என்னைக் காட்டி, இவள் கை வைத்தால் பிழை நிற்காது என்று சொன்னார். மடத்துத் திருநாளில் எனக்குப் பரிசு உண்டு என்றும் காதில் விழுந்தது. அந்த வில்லையை நான் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, பெற்றவர்கள் வந்து பார்க்கும் நாள். நான் சொல்ல வந்தது நடந்த தை மாதத்துக்கு முந்தைய சந்திப்பில் அவளுடைய அய்யா வந்திருந்தார். தலையில் துண்டு, கையில் பனங்கிழங்குக் கட்டு. என்னையும் கூப்பிட்டு இரண்டு கிழங்கு கொடுத்தார். கிளம்பும்போது அவர் சொன்னது எனக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "அடுத்த மாசம் கதிரறுப்பு ஆத்தா. ஆள் கெடைக்காது. வர முடியுமோ என்னமோ. ஒனக்கு ஏதாச்சும்னா கார்டுல எழுதிப் போடு. போட்டது போட்டபடி ஓடியாந்துருவேன்." அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க வாங்க, வராட்டிப் போங்க, கெழங்க மட்டும் அனுப்பிருங்க" என்றாள்.

அந்தத் தையில், கார்டு ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. தொப்புளைச் சுற்றி வலித்தது, பிறகு வலப்பக்கம் இறங்கியது. சிஸ்டர் ஓமத் தண்ணீர் கொடுத்தார், மறுநாள் விளக்கெண்ணெய் கொடுத்தார். வலி குறைந்ததுபோல இருந்து மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பூசைக்கு வந்தாள். பாட்டு எடுத்துக் கொடுக்கவில்லை. கடித நேரத்தில் முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு எழுதினாள். அவளுடைய ரஃப் நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். மாதிரிக் கடிதத்தின் முதல் வரியைக் காணோம். 'ஃபாதர் கம். ஸ்டமக் பெயின் த்ரீ டேஸ். டேக் மீ ஹோம். கம் சூன் ஃபாதர்.' அவ்வளவுதான்.

நான் சிவப்புப் பென்சிலால் எண்ணினேன். வாக்கியத்தில் வினை இல்லை, முன்னிடைச் சொல் இல்லை, கமா இல்லை, முகவரி இல்லை, தேதி இல்லை. ஏழு. இத்தனை வருஷம் வாக்கிய அமைப்பு நடத்திய அனுபவத்தோடு சொல்கிறேன், அந்த நாலு வரியைப் புரிந்துகொள்ள முடியாத மனுஷன் உலகத்தில் கிடையாது. அன்று நான் பார்த்தது ஏழு பிழையைத்தான். திருத்திக் கொடுக்கலாம் என்றால் எனக்கும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எழுதத் தெரியும், பசு ஒரு வீட்டு மிருகம் என்று எழுதத் தெரியும். எனக்கு வலிக்கிறது என்று எழுத எங்கள் புத்தகத்தில் ஒரு வாக்கியமும் இல்லை. சிஸ்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் நோட்டைப் பார்ப்பார், ஏழு பிழை, கார்டு நிற்கும், என் கையில் முதல் தடவையாக ஒரு கார்டு நிற்கும். வீட்டில் இருப்பவர்களைக் கவலைப்படுத்தும் சங்கதிகளை எழுதுவது அன்புக்கு அழகில்லை என்று சிஸ்டர் வேறு அடிக்கடி சொல்லியிருந்தார். இதெல்லாம் சாக்கு. உள்ளது உள்ளபடி சொன்னால், எனக்கு வில்லை பெரிதாக இருந்தது.

நாலு வரியையும் குறுக்கே அடித்தேன். "போர்டுல இருக்கத மட்டும் எழுதுடீ" என்றேன்.

"அப்ப அய்யா வர மாட்டாரேடீ."

"வலி ரெண்டு நாள்ல போயிரும். கார்டு போகலன்னாத்தான் ஒங்கய்யா பயந்துக்கிருவாரு. எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஆங்கில விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிய பார்வை அது. போர்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். வழக்கமாக அடித்துத் திருத்தி அலங்கோலமாக எழுதுகிறவள், அன்று வலியில் மெதுவாக எழுதியதாலோ என்னவோ, ஒரு பிழை இல்லாமல் எழுதினாள். சிஸ்டர் பார்த்து, "வெரி குட்" என்று அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை கார்டு அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை முற்பகல், கணக்கு வகுப்பில், பெஞ்சிலிருந்து எழுந்தவள் அப்படியே மடங்கி விழுந்தாள். வில்வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவிவிட்டது என்றும், ஒருநாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னாராம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். ஆள் விட்டு அனுப்பி அவள் அய்யா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அறுத்துக்கொண்டிருந்த கையோடு வந்திருந்தார், வேட்டி முழுக்க வைக்கோல் தூசி. மடத்து முற்றத்தில் நின்றுகொண்டு மடியிலிருந்து கார்டை எடுத்து சிஸ்டரிடம் நீட்டினார். "நல்லா இருக்கேன்னுதானே எழுதியிருக்கா சிஸ்டர்? உபதேசியார் ரெண்டு தரம் படிச்சுச் சொன்னாரே. நல்லா இருக்கேன்னுதானே போட்டுருக்கு?" சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆண்டவருடைய சித்தம் என்றார். தூணுக்குப் பின்னால் நின்ற நான் முன்னால் வரவில்லை. என் கழுத்தில் வில்லை இருந்தது.

இதற்கு அடுத்து நடந்ததைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரும்பலகையில் புது மாதிரிக் கடிதம் வந்தது: இறந்தவரின் தந்தைக்கு இரங்கல் தெரிவிப்பது. 'வி ஆர் டீப்லி கிரீவ்ட்' என்று தொடங்கியது. முப்பத்தோரு பிள்ளைகள் அழுதுகொண்டே பார்த்து எழுதினோம், நான் முப்பது நோட்டைத் திருத்தினேன். இருப்பதில் சிறந்தது என்று என்னுடைய கடிதத்தை எடுத்து அவருக்கு அனுப்பினார்கள். துக்கத்துக்கும் மாதிரி, கமாவோடு. திருநாளில் எனக்குப் பரிசும் கொடுத்தார்கள். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒரு தோழியின் கடிதத்தைத் திருத்தினேன் என்று சொன்னேன். அதில் பாவம் என்னம்மா என்று கேட்டு, மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்புறம் எனக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் பள்ளியிலேயே முதலாவது, பிறகு காலேஜ், பிறகு ஆசிரியப் பயிற்சி, பிறகு புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை, திருக்கோகர்ணத்தில் வாடகைக்கு ஒரு வீடு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு வைராக்கியத்தோடு, கடிதப் பாடத்தில் பிள்ளைகளை முதலில் தங்கள் குறைகளை எழுதச் சொன்னேன். பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள் பாருங்கள். அண்ணன் அடிக்கிறான், பசிக்கிறது, கல்யாணம் வேண்டாம் என்றெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் கொட்டினார்கள். காலாண்டுப் பரீட்சையில் முகவரிக்கு ஒரு மார்க், தேதிக்கு அரை மார்க், கமாவுக்கு அரை மார்க் என்று பிரித்துப் போட்டபோது என் வகுப்புதான் கடைசி. தலைமையாசிரியை கூப்பிட்டு, "ஒங்க இங்கிலீஷப் பத்தி எல்லாரும் ஒசத்தியாச் சொன்னாங்களே டீச்சர்?" என்றார். அரையாண்டுக்கு நான் கரும்பலகையில் மாதிரிக் கடிதத்தை எழுதிப் போட்டுவிட்டேன். நான் இங்கே நல்ல சுகமாக இருக்கிறேன். என் கையெழுத்தும் முத்து முத்தாகத்தான் இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு தை மாதச் சனிக்கிழமை காலை, என் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். துண்டைப் பார்த்துத்தான் அவளுடைய அய்யா என்று அடையாளம் தெரிந்தது. மனிதர் பாதியாகியிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தேன். வந்த காரியத்தைச் சொன்னார். மகள் இறந்த நாளில் வருஷா வருஷம் கோயிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டு, உபதேசியாரிடம் போய் அந்தக் கார்டைப் படிக்கச் சொல்லிக் கேட்பது அவர் வழக்கமாம். முதலில் இங்கிலீஷில் முழுக்கப் படிக்கச் சொல்லி, பிறகு தமிழில் கேட்பாராம். சென்ற ஐப்பசியில் உபதேசியார் இறந்துவிட்டார். ஊரில் வேறு ஆள் இல்லை. பக்கத்துப் பாய்ப் பிள்ளை டவுனில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறது என்று கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"அவ கையால எழுதுனது இது ஒண்ணுதான் ஆத்தா எங்கிட்ட இருக்கு. ஒரு தப்புக்கூட இல்லாம எழுதியிருக்கான்னு உபதேசியார் எப்பவும் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டுத் துண்டில் சுற்றியிருந்த கார்டை எடுத்துக் கொடுத்தார்.

இங்கிலீஷில் படித்தேன். தமிழில் சொன்னேன். நான் நல்ல சுகமாக இருக்கிறேன் என்ற இடத்தில் அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பத்து வருஷமாக அந்த இடத்தில் அப்படித் தலையாட்டியிருப்பார் போலிருக்கிறது. பிறகு கேட்டார்: "இத எழுதயில அவளுக்கு வலி வந்துருக்காதுல்ல? நல்லா இருந்துருக்கா. பொறவுதான் திடீர்னு வந்துருக்கு. இல்லியா ஆத்தா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் மோரைக் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். எனக்குப் பத்து வருஷப் பாரம். அதை இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்தார் என்று நினைத்தேனோ என்னவோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரஃப் நோட்டு, சிவப்புப் பென்சில், ஏழு பிழை, குறுக்கே அடித்தது, போர்டில் இருப்பதை எழுதச் சொன்னது. முடித்ததும் அவர், "என்ன எழுதியிருந்தா?" என்று கேட்டார்.

"அய்யா, வாங்க. மூணு நாளா வயிறு வலிக்குது. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. சீக்கிரம் வாங்கய்யா." அவள் எழுதியது அவருக்குப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான்.

அவர் அழவில்லை. மேசையில் கிடந்த என் பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல், "கார்டே வரலன்னாலும் வந்துருப்பேனே" என்றார். "செவ்வாக்கெழம தபாலப் பாத்துட்டு, இல்லன்னதும் புதங்கெழமக் காலையில கெளம்பியிருப்பேனே ஆத்தா. இது வந்ததுனாலதானே இருந்துட்டேன்."

அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பிழையோடு விட்டிருந்தால் கார்டு நின்றிருக்கும், கார்டு நின்றிருந்தால் அவர் வந்திருப்பார், அவளும் பிழைத்திருப்பாள். நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் போதும்.

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். நான் கார்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எம்மக எழுதுனதுன்னுதான் இத்தன நாளு வச்சிருந்தேன்" என்றார். "இது நீ எழுதுனது. நீயே வச்சுக்க."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் இடம் எந்தப் பக்கம் என்று கேட்டார். கை காட்டினேன். மோர் அப்படியே இருந்தது.